சைக்கிள் பயணத்துக்கு ஆம்னியா, குவாலிஸா?

காங்கேயம் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டில் நாலு பேருக்கு நாலு சைக்கிள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அந்த நாலையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், எங்காவது இறக்கி ஓட்டிவிட்டு வருவது 2018லிருந்து பழக்கம். கொடிவேரி, அமராவதி அணை, ஆழியாறு, காலிங்கராயன் வாய்க்கால் கரை என்று நிறையச் சுற்றியாகிவிட்டது. ஆரம்பத்தில் இதற்கெல்லாம் ஓடியது 2003 மாடல் மாருதி ஆம்னி வேன். 2022ல் அதைக் கழித்துவிட்டு 2004 மாடல் டொயோட்டா குவாலிஸ் டீசல் வண்டி வாங்கினேன். இந்த மாதிரி பயணத்துக்குப் பழைய வண்டி தேடுகிற நண்பர்கள் இரண்டில் எது என்று கேட்டால் குவாலிஸ் என்றுதான் சொல்கிறேன். அதற்குப் பெரிய காரணம் ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்வதற்கு முன்னால் சின்ன விஷயங்களை முடித்துவிடலாம்.

விலை, எரிபொருள் செலவு, சந்துக்குள் திருப்புவது, சாமான் விலை இந்த நாலிலும் ஆம்னிதான் மேல். 796 சி.சி. இன்ஜின், எண்ணூறு கிலோவுக்கும் குறைந்த எடை. 1984லிருந்து 2019 வரை முப்பத்தைந்து வருடம் வந்த வண்டி என்பதால் எந்த ஊரில் நின்றாலும் கை வைக்க ஆள் இருக்கிறார்கள். முன் சீட்டைத் தூக்கினால் கீழே இன்ஜின். ஒரு முறை தாராபுரம் ரோட்டில் மழையில் நின்றபோது, மெக்கானிக் வண்டிக்குள்ளேயே மண்டி போட்டு, நனையாமல் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டிக் கொடுத்தார். குவாலிஸில் இந்த வசதி கிடையாது. ஆனால் அதே இன்ஜின் சூடு ஏப்ரல் மாதத்தில் தொடைக்குக் கீழே ஏறும். ஓட்டுபவரின் காலுக்கும் எதிரே வருகிற லாரிக்கும் நடுவே ஒரு தகரம்தான் இருக்கிறது என்ற நினைப்பும் பைபாஸில் விடவே விடாது. பிள்ளைகளோடு போகிற வண்டியில் இதைச் சின்ன விஷயம் என்று நான் தள்ளமாட்டேன். ஆனாலும் இது எல்லோருக்கும் தெரிந்த கதை.

காற்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கிற காற்று சைக்கிளுக்கு வரம். வண்டியைப் பொள்ளாச்சிக்குக் கொண்டுபோய், அங்கே சைக்கிளை இறக்கி உடுமலை நோக்கி விட்டால், முப்பது கிலோமீட்டரையும் பத்து வயசுப் பையன் பாட்டுப் பாடிக்கொண்டே மிதிப்பான். வண்டி பின்னாலேயே வரும். ஆனால் திரும்பும் வழியில் உடுமலையிலிருந்து குடிமங்கலம் வழியாகப் பல்லடம் போகிற ரோடு தெற்கு வடக்காகப் போகிறது. இரண்டு பக்கமும் காற்றாலை. அங்கே காற்று வண்டியின் விலாவில் அடிக்கும். ஆம்னியின் மேலே கேரியரில் நாலு சைக்கிளைக் கட்டிக்கொண்டு அந்த ரோட்டில் போனால் ஸ்டீயரிங்கை மேற்குப் பக்கம் ஒடித்துப் பிடித்தபடியேதான் ஓட்ட வேண்டும். எதிரே பஸ் கடந்து போகிற நொடியில் வண்டி ஒரு அடி நகரும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை அந்த ரோட்டில் முழுதாக நம்பலாம். ஒன்றரை டன் பக்கம் எடையுள்ள குவாலிஸில் இந்தப் பயம் எனக்கு வந்ததில்லை. அதுவும் இப்போது மேலே இரண்டு சைக்கிள்தான். பின்னால் எதிரெதிராக இருக்கிற பெஞ்ச் சீட்டை மடித்துவிட்டு, பிள்ளைகளின் சைக்கிள் இரண்டையும் முன் சக்கரம் கழற்றி உள்ளே நிறுத்திவிடுகிறோம். (டிஸ்க் பிரேக் சைக்கிளாக இருந்தால் சக்கரத்தைக் கழற்றியதும் பேடுகளுக்கு நடுவே ஒரு மடித்த அட்டையைச் செருகிவிடுங்கள். யாராவது தெரியாமல் பிரேக்கை அழுத்திவிட்டால் பேடு இரண்டும் நெருங்கிவிடும், அப்புறம் சக்கரம் உள்ளே போகாது.)

சரி, பெரிய காரணத்துக்கு வருகிறேன். அது துரு.

சைக்கிள் பயணம் என்றால் ஈரம். வாய்க்கால் கரையில் ஓட்டினால் சைக்கிள் முழுக்கச் சேறு. அதை அங்கேயே வாய்க்கால் தண்ணீரில் கழுவிவிட்டு, பல சமயம் மேலே கட்டாமல் சொட்டச் சொட்ட வண்டிக்குள்ளேயே ஏற்றினோம். நாலு வருடம் இப்படித்தான் செய்தோம், அது என் தவறு. வண்டித் தரையில் விரித்திருக்கிற ‘மேட்’டின் மேல் விழுந்த தண்ணீரைத் துடைத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். மேட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கிற பஞ்சு மெத்தை ஒரு தடவை நனைந்தால் ஒரு வாரம் ஆனாலும் காயாது என்பது தெரியவில்லை. வண்டி வெயிலில் நிற்கும், மேலே எல்லாம் காய்ந்திருக்கும், அடியில் தகரம் மட்டும் வேகவைத்த மாதிரி ஈரத்திலேயே கிடக்கும்.

ஒரு நாள் பவானியிலிருந்து திரும்பி வரும்போது பின் சீட்டிலிருந்து பையன், “அப்பா, இங்க கீழ ரோடு ஓடுது பாருங்க” என்றான். நிறுத்தி மேட்டைத் தூக்கினேன். ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை. ஓரத்தை விரலால் தொட்டதும் வறுத்த அப்பளம் மாதிரி நொறுங்கி உள்ளங்கை அளவு ஆகிவிட்டது. தள்ளுகதவின் கீழ்த்தண்டவாளம் ஓடுகிற இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன், சத்தமே இல்லாமல் உள்ளே போனது.

டிங்கர் பட்டறைக்குக் கொண்டுபோனேன். முதலில் போன இடத்தில் ஓட்டையின் மேல் தகரத்தை வைத்துப் பத்தவைத்து, பட்டி பார்த்து, மேலே தார் மாதிரி ஒரு பூச்சும் பூசிக் கொடுத்துவிட்டார்கள். எட்டு மாதத்தில் அந்தத் தகரத்தைச் சுற்றி ஒரு வளையமாக மறுபடியும் அரித்துவிட்டது. இரண்டாவதாகப் பார்த்த டிங்கர் வண்டிக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்து, சின்னச் சுத்தியால் ஒவ்வொரு இடமாகத் தட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்து சொன்னார்: “ஏனுங்ணா, பத்த வெக்கறதுக்கு நல்ல தகரம் வேணுமில்லீங்க? இங்க எங்க தொட்டாலும் பொரபொரன்னு இருக்குதுங்க.”

இங்கேதான் இரண்டு வண்டிக்கும் உள்ள அடிப்படை வித்தியாசம் இருக்கிறது. ஆம்னிக்குத் தனியாகச் சேசிஸ், அதாவது வண்டியைத் தாங்குகிற அடிச்சட்டம், கிடையாது. தரைத் தகரம், பக்கத் தகரம், கூரை எல்லாம் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. பாடியே சேசிஸ். எடை குறைவாக இருப்பதற்கும் அதுதான் காரணம். தரை அரித்தால் அரிப்பது வண்டியின் முதுகெலும்பு. குவாலிஸ் அப்படி இல்லை. லாரி மாதிரி அடியில் கனமான இரும்புச் சட்டம், அதன் மேல் பாடியை உட்காரவைத்துப் போல்ட் போட்டிருக்கிறார்கள். தரைத் தகரம் முழுக்கப் போனாலும் அதை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகரம் வைத்துக்கொள்ளலாம். ஓட்டத்துக்கும் பிரேக்குக்கும் சக்கர நேருக்கும் ஒன்றும் ஆகாது. ஈரச் சைக்கிளை ஏற்றுகிற வண்டிக்கு இதைவிட முக்கியமான தகுதி எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

அதற்காகச் சேசிஸ் துருப்பிடிக்காது என்று நினைத்துவிடக் கூடாது. குவாலிஸ் பார்க்கப் போகும்போது நான் செய்ததைச் சொல்கிறேன். ஏ.சி. வேலை செய்கிறதா, சீட் கவர் எப்படி என்பதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று, முதலில் ஒரு சின்னச் சுத்தியோடு அடியில் படுத்தேன். சட்டத்தை நீளவாக்கில் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இரும்பு கணீர் என்று பேசும். உள்ளே அரித்த இடம் பொத்தென்று கேட்கும். பின் சக்கரத்துக்கு மேலே சட்டம் வளைகிற இடம், பட்டை ஸ்பிரிங் வந்து மாட்டுகிற கொக்கி, குறுக்குச் சட்டத்தில் சேறு உட்காருகிற மூலை, இந்த மூன்றையும் விடக்கூடாது. புதிதாகக் கறுப்புப் பூச்சு பளபளவென்று இருந்தால் இன்னும் கவனமாகத் தட்ட வேண்டும். துருவைச் சுரண்டாமல் மேலே பூசிய பூச்சு ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிடும், வெளியே அழகாக இருக்கிற நேரத்தில் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். நான் அப்படிப் பூசியிருந்த இரண்டு வண்டியை விட்டுவிட்டு, பழுப்பேறி அசிங்கமாக இருந்தாலும் கணீரென்று கேட்ட மூன்றாவதை வாங்கினேன்.

வாங்கியதும் மேட்டையும் பஞ்சையும் மொத்தமாகக் கழற்றி எறிந்தேன். வயர் பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு இரண்டு கோட்டிங், அதன் மேல் பெயின்ட். இப்போது தரையில் ஒட்டாத ரப்பர் விரிப்பு மட்டும். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் அதை உருவி மதில் மேல் காயப்போடுவது என் மகளுடைய வேலை. தரையில் இருக்கிற ரப்பர் மூடிகளைக் கழற்றிவிட்டால் தண்ணீர் வடிந்துவிடும், மறுநாள் மாட்டிக்கொள்ளலாம். அடிப்பக்கத்துக்குப் பழைய இன்ஜின் ஆயில் அடிக்கிற வழக்கம் நம் பக்கம் இருக்கிறது. எனக்கு அதில் விருப்பமில்லை. ஆயில் பட்ட ரப்பர் புஷ் எல்லாம் ஊறிப் பெருத்துவிடும், புழுதியும் அப்பிக்கொள்ளும். இன்னொன்று, சேசிஸ் நம்பர் இருக்கிற இடத்தில் எதையும் கனமாகப் பூசிவிடாதீர்கள். எஃப்.சி. காட்டும்போது பென்சில் பிரிண்ட் எடுக்க எழுத்துத் தெரிய வேண்டும்.

சேசிஸ் வண்டிக்கு நம் ஊரிலேயே இன்னொரு பலமும் இருக்கிறது. நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிறார்கள், கரூரில் பஸ் பாடி கட்டுகிறார்கள், திருச்செங்கோட்டு ரிக் வண்டி வடநாடு வரைக்கும் போர் போடப் போகிறது. இவற்றுக்காகவே ஊருக்கு ஊர் பட்டை ஸ்பிரிங் கடையும், டீசல் பம்பு, நாசில் பார்க்கிற கடையும் இருக்கின்றன. குவாலிஸில் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்தான், பம்பும் கம்ப்யூட்டர் இல்லாத பழைய பம்புதான். போன வருடம் வெள்ளகோவில் தாண்டி இரண்டாவது பட்டை உடைந்தது. லாரிக்குப் பட்டை போடுகிற கடையில் நிறுத்தினேன். செட்டைக் கழற்றி, அளவெடுத்து, புதுப் பட்டையை வளைத்து, யூ போல்ட் மாற்றி மாட்டி முடிக்க மூன்று மணி நேரம். பிள்ளைகள் அதற்குள் பக்கத்து ஊர்க் கோயில்வரை சைக்கிளில் போய்விட்டு வந்துவிட்டார்கள். 2000லிருந்து 2005 வரை ஐந்தே வருடம் விற்ற வண்டிக்குச் சாமான் கிடைக்குமா என்று முதலில் எனக்கும் கவலை இருந்தது. விளக்குக் கண்ணாடி, கதவு பீடிங் மாதிரி பாடி சாமானுக்குத்தான் அலைய வேண்டியிருக்கிறது. ஓடுகிற சாமான் இதுவரை நின்றதில்லை.

குவாலிஸின் குறைகளையும் சொல்ல வேண்டும். 2446 சி.சி. என்றாலும் டர்போ இல்லாத இன்ஜின். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசியும் இரண்டாவது கியரிலேயே ஏறும், பின்னால் வருகிறவர்களுக்கு ஒதுங்கி வழிவிட வேண்டும். டைமிங் பெல்ட்டை ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும். அது அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடித்து ஹெட்டே போய்விடும். வாங்கும்போது எப்போது மாற்றியது என்பதற்குப் பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு முதல் வேலையாக மாற்றுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். கழற்றின பெல்ட்டின் முதுகில் நூல் தெரிந்தது.

அடுத்தது ஆர்.சி. பதினைந்து வருடம் முடிந்தால் ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும் என்பது இரண்டு வண்டிக்கும் பொது. முன்பு 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. இருபது வருடம் தாண்டிய காருக்கு 2025ல் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. என் வண்டியை 2024 டிசம்பரில் புதுப்பித்துவிட்டதால் 2029 வரைக்கும் பிரச்சினை இல்லை. இப்போது வாங்குகிறவர்கள் ஆர்.சி. எந்த வருடம் முடிகிறது என்று பார்த்து, அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

மூன்றாவது வண்டியாக மாருதி ஈக்கோ வேனைப் பற்றியும் கேட்கிறார்கள். அது என் கையில் இருந்ததில்லை. மச்சானுடைய 2013 மாடலை நாலைந்து முறை ஓட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். 1196 சி.சி. பெட்ரோல், ஆம்னியைவிட நன்றாக இழுக்கிறது, காற்றிலும் அவ்வளவு ஆடவில்லை, உள்ளே இடமும் தாராளம். வயசு குறைந்த வண்டி கிடைக்கும் என்பதால் ஆர்.சி. தொல்லை சீக்கிரம் வராது. ஆனால் அதுவும் பாடியே சேசிஸ் என்கிற வகைதான். மாதம் ஒரு முறை, அதுவும் காய்ந்த ரோட்டில் மட்டும் ஓட்டுகிற குடும்பம் என்றால் ஈக்கோவை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. சேற்றில் இறங்குகிறவர்கள் என்றால் முதல் நாளே மேட்டைக் கழற்றிவிடச் சொல்லுவேன். மச்சானிடமும் சொன்னேன், போன வாரம் வந்து என்னிடமிருந்து வயர் பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.