14,800 ரூபாய் போச்சு, 'டக் டக்' சத்தம் மட்டும் போகவில்லை

ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. வயிறு எரிகிறது. 14,800 ரூபாய்!

வண்டி 2014 பெட்ரோல் ஹேட்ச்பேக். பத்து நாளாக வேகத்தடையில் இறங்கும்போதெல்லாம் பின்பக்கம் 'டக் டக்'. சமமான ரோட்டில் சத்தமே இல்லை. டிக்கியில் இருந்த ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு ஓட்டினேன். அப்போதும் 'டக் டக்'. அதுவரை ஒழுங்காக யோசித்தவன், ஆப்பில் புக் செய்தால் வீட்டுக்கே வந்து வண்டியை எடுத்துப்போகும் சர்வீஸ் ஒன்றில் கொடுத்தேன்.

மதியம் வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தது. பின்சக்கரத்தைக் கழற்றி, ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வழிவதை டார்ச் அடித்துக் காட்டினார்கள். அப்புறம் போன். "சார், பேரிங்கும் போயிருச்சு. குடும்பத்தோட போற வண்டி. எங்கப்பா வண்டியா இருந்தா இப்படியே விடமாட்டேன் சார்." அந்த 'எங்கப்பா'வில்தான் விழுந்தேன். யோசிக்காமல் யுபிஐயில் 14,800 அனுப்பினேன்.

சாயங்காலம் வண்டி வந்தது. தெருமுனை வேகத்தடையிலேயே 'டக் டக்'.

கேட்டால், "புது பார்ட்ஸ் சார், செட் ஆக 200 கிலோமீட்டர் ஓடணும்." ஒரு வேலையும் இல்லாமல் கோவையிலிருந்து பொள்ளாச்சிக்கு இரண்டு நடை போய்வந்தேன். பெட்ரோல் வேறு தண்டம். மறுபடி கேட்டால், "டீம் கூப்பிடுவாங்க." டீம் கூப்பிடவில்லை, புகார் தீர்க்கப்பட்டதாக மெசேஜ் வந்தது. கடைசியாகப் பேசிய பெண், "வாரண்டி பார்ட்ஸுக்குத்தான் சார், சத்தத்துக்கு இல்ல" என்றார். பழைய பார்ட்ஸ் எங்கே? "ஸ்கிராப்புக்குப் போயிருச்சு."

நேற்று எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். குனிந்து, ஆறியிருந்த சைலன்சரைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார். அதே 'டக் டக்'. சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பரில் ஒன்று அறுந்து, வண்டி குதிக்கும்போதெல்லாம் அடித்தட்டில் இடித்திருக்கிறது. ரப்பர், கூலி எல்லாம் சேர்த்து 250 ரூபாய்.

"ஷாக்கை மாத்துனாங்கன்னு யாருங்க சொன்னது?" என்று போல்ட்டைக் காட்டினார். துருவின் மேல் ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. வீட்டுக்கு வந்து வீடியோவை மறுபடி போட்டேன். அதில் தெரியும் டிரம்மில் ஐந்து போல்ட். என் வண்டியில் நான்கு.

எந்தச் சத்தத்துக்கு எது காரணம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் முடியவில்லை. வேகம் ஏற ஏற சக்கரத்திலிருந்து வரும் ஊளைச் சத்தமும் கூடினால் பேரிங்காக இருக்கலாம். டிக்கி மூலையை அழுத்தி விட்டதும் இரண்டு மூன்று தடவை ஆடினால் ஷாக்கைப் பாருங்கள். வீடியோவை நம்பாதீர்கள், நேரில் போய் நில்லுங்கள். பழைய பார்ட்ஸ் கைக்கு வராமல் காசு கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டி பில் கேளுங்கள். எனக்குக் கொடுத்தது வெறும் எஸ்டிமேட் என்பதையே இன்றைக்குத்தான் கவனித்தேன். நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் காலையில் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். அந்த 14,800 திரும்பி வந்தால் இங்கேயே சொல்கிறேன்.