கவச உடைக்குள் எவ்வளவு சூடு? வானிலை எண்ணா, நாடித்துடிப்பா?

கரோனா காலத்தில் பிபிஇ கிட் போட்டு வேலை பார்த்தவர்களுக்கு நன்றாகத் தெரியும்: வியர்வை ஊற்றும், ஆனால் காயாது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 2400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். உடைக்குள்ளேயே வடிந்தால் உடம்பு குளிராது, தண்ணீர் போனதுதான் மிச்சம். ஆக, உடல் எவ்வளவு சூடாகும் என்று முன்கூட்டிச் சொல்ல எதை நம்புவது?

முதல் வழி டபிள்யூபிஜிடி (WBGT), அதாவது ஈரப்பதம், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாக்கும் வெப்பக் குறியீடு. 1950களில் அமெரிக்கப் படைப் பயிற்சி முகாம்களுக்காக உருவான குறியீடு இது. வெயிலில் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது) 70 சதவீதம், கருங்கோள வெப்பநிலைக்கு (கறுப்பு உருண்டைக்குள் வைத்த வெப்பமானி காட்டுவது) 20, காற்றின் வெப்பநிலைக்கு 10 என்று எடை போடுகிறது. உடைக்காகத் தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். பன்னாட்டுத் தர அமைப்பின் ஐஎஸ்ஓ 7243 கணக்கில், தலைமூடி இல்லாத, நீராவி புகாத முழு உடைக்கு 10 டிகிரி. வெளியே 25 என்றால் 35 என்று வைத்துக்கொள்ளலாம். மலிவு, எளிது. ஆனால் உள்ளே இருப்பவர் இருபது வயதா ஐம்பதா என்று அதற்குத் தெரியாது.

அடுத்தது ஐஎஸ்ஓ 7933 என்ற கணக்கீட்டு மாதிரி. நிமிடத்துக்கு நிமிடம் வெப்பக் கணக்குப் போட்டு, மலக்குடல் வெப்பநிலை 38 டிகிரியைத் தொடும் நேரத்தைச் சொல்கிறது. கேட்க அருமை. ஆனால் நீர் புகாத சிறப்புப் பாதுகாப்பு உடைகளுக்கு இது பொருந்தாது என்று 2004 பதிப்பே கைகழுவிவிட்டது! நமக்கு வேண்டியதே அதுதானே?

மூன்றாவது, நாடித்துடிப்பிலிருந்து உள்வெப்பநிலையை ஊகிப்பது. அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட கால்மன் வடிகட்டி முறை (அடுத்தடுத்த அளவீடுகளை வைத்து ஊகத்தைத் திருத்திக்கொண்டே போகும் கணித முறை) இவ்வகை. உடை எதுவானாலும் கவலையில்லை, அதன் பாரம் இதயத்தில் தெரிந்துவிடும். பிழை பெரும்பாலும் 0.6 டிகிரிக்குள் இருக்கும். ஆனால் 38.4க்கும் 39க்கும் நடுவில் அது சின்ன இடைவெளி இல்லை. பயத்திலும் துடிப்பு ஏறும்.

விழுங்கும் மாத்திரை உணரி துல்லியமானது; தினமும் ஆளுக்கொன்று யார் கொடுப்பார்கள்?

காற்றுப் புகாத உடை என்றால் என் ஓட்டு நாடிக்குத்தான். அதற்குக் கணினிகூட வேண்டாம். நச்சுக் கழிவுப் பணிகளுக்கான 1985ஆம் ஆண்டு அமெரிக்கக் கையேட்டில் ஒரு விதி உண்டு: ஓய்வு தொடங்கும்போது நாடி நிமிடத்துக்கு 110ஐத் தாண்டினால் அடுத்த வேலைச்சுற்றில் மூன்றில் ஒரு பங்கைக் குறை. பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து) சாப்பிடுபவருக்கு மட்டும் இது உதவாது, நாடி ஏறாமலே இருந்துவிடும். அவருக்கு அதே கையேடு சொல்லும் வாய் வெப்பமானிதான், 37.6ஐத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.