ஈயம்-203ஆ, ஈயம்-212ஆ?

புற்றுநோய் மருத்துவத்தில் ஈயத்தின் இந்த இரண்டு கதிரியக்க வகைகளில் (ஐசோடோப்புகளில்) எது என்று குழம்புகிறவர்கள் அரை ஆயுளிலிருந்து, அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் நேரத்திலிருந்து, தொடங்கலாம்.

அரை ஆயுள்: 203க்குச் சுமார் 52 மணி நேரம். 212க்கு 10.6 மணிதான்.

கிடைக்கும் வழி: 203 செயற்கையானது, சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் தாலியத்தைப் புரோட்டானால் தாக்கிப் பெறுகிறார்கள். 212ஐ ரேடியம்-224 சிதைந்து 212 உருவாகிக்கொண்டிருக்கும் 'ஜெனரேட்டர்' என்ற கருவியிலிருந்து கறந்துகொள்ளலாம்.

கதிர்: 203 எலெக்ட்ரானைப் பிடித்து நிலையான தாலியம்-203 ஆகிறது. அப்போது வரும் 279 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள காமாக் கதிர், ஸ்பெக்ட் (காமாக் கதிரை வைத்து உடலின் உள்ளே படமெடுக்கும் முறை) படத்துக்குத் தோது. 212 பீட்டா உமிழ்ந்து பிஸ்மத்-212 ஆகும். அப்புறம் வரும் ஆல்ஃபாதான் செல்லைக் கொல்கிறது. இந்தச் சிதைவுத் தொடரில் வரும் தாலியம்-208 வீசும் 2.6 மெகா எலெக்ட்ரான்வோல்ட் காமாவுக்குத் தடித்த கவசம் வேண்டும். இது பெரிய தொல்லை.

சரி, எதற்கு எது? மருந்து உடலில் எங்கே போகிறது என்று பார்க்க 203, கட்டியை அழிக்க 212. வேதியியலில் இரண்டும் ஒரே ஈயம் என்பதால், ஒரே மருந்து மூலக்கூறில் முதலில் 203ஐயும் பிறகு 212ஐயும் ஏற்றலாம்.