பெரிய எழுத்து பைபிள் வாங்கலாமா? ஆறு மாதம் வாசித்த பிறகு எழுதுகிறேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம். ஆனால் வீட்டுக்கு வந்த அன்றே அந்த ஜிப் உறையைக் கழற்றி பீரோவுக்குள் போட்டுவிடுங்கள்.

நான் வாங்கியது பழைய திருப்புதல் (பழைய மொழிபெயர்ப்பு), பெரிய எழுத்து, ஒத்தவாக்கியம் (ஒத்த வசனங்கள் வேறு எங்கே வருகின்றன என்ற குறிப்பு) சேர்ந்தது. பக்க ஓரத்தில் விரல் வைத்துத் திருப்புவதற்கு வெட்டு இருக்கிறது, இயேசு பேசியதெல்லாம் சிவப்பு எழுத்து. டிசம்பர் கடைசி வாரம் பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில் எடுத்தேன், 1,200 ரூபாய் சொச்சம். அதற்கு முன் என்னிடம் இருந்தது கல்யாணத்துக்கு வந்த பைபிள். பொடி எழுத்து, ஜிப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு எடுத்துப் போவேன், பிரசங்கத்தின்போது ஜிப் திறக்கும், வீட்டுக்கு வந்ததும் மூடும், அடுத்த ஞாயிறு வரை டிவிக்கு மேலே உட்கார்ந்திருக்கும். நடுவில் ஆறு நாளும் எனக்கு வேதவாசிப்பு என்பது காலையில் வாட்ஸ்அப்பில் வருகிற பூப்படம் போட்ட வசனமும், புது வருஷ ஆராதனையில் எடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டிய வாக்குத்தத்த அட்டையும்தான் (அந்த வருஷத்துக்கென்று ஒரு வசனம் அச்சடித்த அட்டை). நம்மில் பாதிப் பேர் கதை இதுதான், ஒத்துக்கொள்வதில் என்ன வெட்கம்.

சரி, பொருளுக்கு வருவோம். எழுத்து நிஜமாகவே பெரிது. நாற்பத்தேழு வயதாகிறது, சாளேசுரம் வந்தாயிற்று, கண்ணாடியைத் தேடிக்கொண்டே வாசிக்காமல் விட்ட நாட்கள் எனக்கு எத்தனையோ உண்டு. இப்போது கண்ணாடி இல்லாமலே ஒரு அதிகாரம் ஓடுகிறது. தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை அச்சடித்தபோது, ஜெர்மனியில் ஹாலே நகரத்திலிருந்து வந்த தமிழ் எழுத்து ரொம்பப் பெரிதாக இருக்கிறது, தாள் கட்டாது என்று இங்கேயே சின்ன எழுத்து வார்த்து 1715இல் அச்சடித்து முடித்தார்கள். முந்நூறு வருஷம் கழித்து அதே பெரிய எழுத்தைக் கூடுதல் காசு கொடுத்து வாங்குகிறோம்!

தாள்தான் குறை. மெல்லிசு, பின்பக்க எழுத்து இந்தப் பக்கம் நிழலாகத் தெரியும், பேனாவால் கோடு போட்டால் அடுத்த பக்கத்துக்கு இறங்கிவிடும், பென்சில் தேவலை. சிவப்பு எழுத்து ராத்திரி டியூப் லைட்டில் வெளிறிப்போய்த் தெரிகிறது, இயேசுவின் மலைப்பிரசங்கம் மூன்று அதிகாரமும் பகலில்தான் வாசித்தேன். கனம் வேறு. மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், ஒன்றரைக் கிலோவைத் தாண்டியது (கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்). மடியில் வைத்து வாசிக்க ஆகாது, மேஜை வேண்டும். முதல் மாதம் புத்தகத்தின் முதுகு இறுக்கமாக இருந்ததால் ஆதியாகமத்தில் பக்கம் தானாக மூடிக்கொண்டே வந்தது. போனைக் குப்புறப் போட்டு பக்கத்தின் மேல் பாரமாக வைத்தேன். போனுக்கு அதுவரை நான் கொடுத்ததிலேயே உருப்படியான வேலை அது.

போனிலேயே பைபிள் ஆப் இருக்கிறதே, இலவசம், கனமும் இல்லை என்பீர்கள். நானும் இரண்டு வருஷம் வைத்திருந்தேன். இரண்டாவது வசனம் தாண்டுவதற்குள் மேலே ஒரு நோட்டிஃபிகேஷன் இறங்கும், அதைத் தொட்டால் அப்புறம் யோபு எங்கே நான் எங்கே.

இந்தப் பைபிளில் ரிப்பன் இரண்டுதான், அது எனக்குப் போதவில்லை. ஏன் என்று சொல்கிறேன். சபையில் சின்ன வயதிலிருந்து கேட்ட கணக்கு, தினமும் மூன்று அதிகாரம், ஞாயிறு ஐந்து, வருஷத்தில் 1,189 அதிகாரமும் முடியும். கணக்கு சரிதான், ஆனால் ஜனவரி கடைசியில் பலிச் சட்டமாகவே போகிற லேவியராகமம் வந்துவிடும், அங்கே படுத்தவன்தான் நான், ஒரு தரம் இல்லை, நாலு தரம். இந்த முறை ஸ்காட்லாந்தில் டண்டீ ஊர் போதகர் மெக்செய்ன் தன் சபைக்காக 1842இல் போட்ட அட்டவணையை எடுத்தேன். தினம் நாலு இடத்தில் வாசிப்பு: இரண்டு குடும்ப ஜெபத்துக்கு, இரண்டு தனியாக. ஜனவரி முதல் தேதி ஆதியாகமம், மத்தேயு, எஸ்றா, அப்போஸ்தலர், நாலும் முதல் அதிகாரம். வருஷ முடிவில் புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு தடவை, மற்றது ஒரு தடவை. லேவியராகமம் மார்ச் கடைசியில்தான் வருகிறது, துணைக்கு வேறு மூன்று வாசிப்பு இருப்பதால் மூச்சு முட்டவில்லை. நாலு இடத்துக்கு நாலு ரிப்பன் வேண்டுமே, மீதி இரண்டுக்கும் பழைய வாக்குத்தத்த அட்டைகளைச் சொருகியிருக்கிறேன்.

மொழி பழசு, அதைச் சொல்லியாக வேண்டும். எல்லாம் 1871இல் வந்த பவர் ஐயர் (ஹென்றி பவர் என்ற பாதிரியார்) திருத்தத்தின் வழி வந்த நடை. குடும்ப ஜெபத்தில் பலியைப் பற்றிய பகுதியை மகள் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தவள் "குண்டிக்காய்கள்" என்ற இடத்தில் நின்றுவிட்டாள். தோள் குலுங்குகிறது. அவள் அம்மா முறைக்கிறாள். "சிறுநீரகம்மா அது, வாசி" என்றேன், எனக்கே அடக்க முடியவில்லை. அன்றைக்கு ஜெபம் ஐந்து நிமிஷம் தாமதம். ஆனால் அடுத்த நாள் சாப்பிட்டு முடித்ததும் பைபிளை அவளாகவே எடுத்து வந்து விரித்தாள், இன்னொரு தடவை அந்த வார்த்தை வருமா என்று பார்க்க. வந்தது. போஜனபலி (மாவுக் காணிக்கை), ஆசரிப்புக்கூடாரம் (வழிபாட்டுக் கூடாரம்) எல்லாம் இப்போது அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. எளிய நடைதான் வேண்டும் என்றால் இது உங்களுக்கு வேண்டாம்.

என்னைக் கேட்டால் இதில் காசு பெறுவது எழுத்து அளவும், மேஜையில் விரித்தபடியே கிடப்பதும்தான். காலையில் காபி தம்ளரை வைக்கப் போனால் நேற்று விட்ட இடம் கண்ணில் படுகிறது, நின்றபடியே நாலு வசனம், அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டுவிடுகிறேன். இடையில் பதினொரு நாள் விட்டுப்போனது, மறைக்கவில்லை. தங்கமுலாம் ஓரமும் ஒத்தவாக்கியப் பட்டியலும் பரவாயில்லை ரகம்.

போன வாரம் ஊரிலிருந்து அம்மா வந்தார்கள், இரண்டு நாள் இதில் வாசித்துவிட்டு "இது எனக்கு இருக்கட்டும்ப்பா, நீ வேற வாங்கிக்க" என்று பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். மறுபடியும் அதே கடைக்குப் போனேன். உறை வேண்டாம், விலையில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"உறை இல்லாம பைபிளா சார்? அழுக்காயிருமே" என்றார் கடைக்காரர்.