ரிசர்வ் சைட்: பிரிப்பதா, நேரம் பங்கிடுவதா?

லே-அவுட்டில் பொதுப் பயன்பாட்டுக்கு விட்ட இடம்தான் ரிசர்வ் சைட்; நடப்பவர்களும் விளையாடும் பசங்களும் அதை எப்படிப் பகிர்வது? கோவைப் பக்கம் லே-அவுட்டில் 25 சென்ட் ரிசர்வ் சைட், சதுரமாக இருந்தால், பக்கத்துக்கு 104 அடி. சுற்றிலும் 6 அடி நடைபாதை போட்டால் உள்ளே 92 அடி மிஞ்சும். வாலிபால் கோர்ட்டுக்கு ஓரம் விட்டு 79க்கு 49 அடி; மீதி 43 அடிப் பட்டையில் ஊஞ்சலும் சறுக்கும் தாராளமாக அடங்கும். கோர்ட்டுக்கும் ஊஞ்சலுக்கும் நடுவே உயரமான தடுப்பு வலை கட்டுங்கள். 6 அடிக் கம்பிவேலியைப் பந்து சுலபமாகத் தாண்டும். இப்படிப் பிரித்தால் கிரிக்கெட்டுக்கு இடமே கிடையாது, கிரிக்கெட் ஆடும் பசங்களோடு சண்டை தீராது.

நேரம் பங்கிட்டால் செலவு ஒரு போர்டும் பூட்டும்தான். காலை 8 வரை நடப்பவர்கள், மாலை 4 முதல் 6 வரை பசங்கள். சிக்கல் 6 மணிக்கு: "இன்னும் ஒரே ஓவருங்ண்ணா!" சாவி வைத்திருப்பவர் கறாராக இல்லாவிட்டால் ஒரு மாதம்கூடத் தாங்காது. 10 சென்ட் சதுரத்தில் நடைபாதையும் கோர்ட்டும் சேர்ந்து அடங்காது, அங்கே இதுதான் வழி. 25 என்றால் பிரித்துவிடலாம்.