கோர்ஸா, டிஸ்பென்சரியா, வைத்தியசாலைக் கவுண்டரா?

டொக்டரின் அறைக்கு வெளியே மேசையில் இருந்து நோயாளியைப் பதிந்து, நம்பர் கொடுத்து, காசு வாங்கும் வேலையைக் கற்றுக்கொள்ள கொழும்பில் மூன்று வழிகள் உண்டு. காசு கட்டி ஒரு நிறுவனத்தில் சான்றிதழ் கோர்ஸ் செய்யலாம். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு குடும்ப டொக்டரின் டிஸ்பென்சரியில் சேர்ந்து வேலையோடு வேலையாகப் பழகலாம். இல்லையென்றால் பெரிய தனியார் வைத்தியசாலையொன்றில் பயிலுநராகக் கவுண்டருக்குப் போகலாம். உயர்தரம் முடித்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் முதலாவதுதான் பாதுகாப்பான வழி என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வெளிநாட்டு ஒன்லைன் கோர்ஸ்களும் இருக்கின்றன. அவற்றை முதலிலேயே பேசி ஒதுக்கிவிடுவோம். அமெரிக்கப் பாடத்திட்டம் என்றால் அதில் பெரும் பகுதி காப்புறுதி பில்தான்: ஒவ்வொரு சிகிச்சைக்கும் பில்லில் போட அமெரிக்க மருத்துவச் சங்கம் வைத்திருக்கும் சி.பி.டி. குறியீடுகள், நோயாளியின் தகவலைக் காக்க 1996இல் வந்த ஹிப்பா சட்டம், நோயாளி தன் பங்காகக் கட்டும் கோ-பே. அந்த நாட்டில் அது சோறு போடும் அறிவு. இங்கே டொக்டரைப் பார்க்க வருபவர் பெரும்பாலும் கையில் காசைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். அமெரிக்க வாடிக்கையாளருக்கு இங்கிருந்து பில் போடும் வேலை தேடுபவர் படிக்கட்டும், மற்றவர்களுக்கு வேண்டாம்.

மிச்ச மூன்றையும் தனித்தனியாகப் புகழ்வதைவிட, ஒரே வேலை மூன்று இடத்திலும் எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்று பார்ப்பதே நல்லது.

முதலில் ஆளைப் பதிவது. கோர்ஸில் ஒரு மாதிரிப் படிவம் தருவார்கள்: முதற்பெயர், குடும்பப்பெயர், பிறந்த திகதி. நம்மவர்களில் பெரும்பாலானோருக்குக் குடும்பப்பெயரே கிடையாது. சிவராணி கல்யாணத்துக்கு முன் அப்பாவின் முதலெழுத்தோடு ஓர் அட்டையில் இருப்பார், பிறகு கணவரின் முதலெழுத்தோடு இன்னோர் அட்டையில் இருப்பார். தர்ஷினியின் ஆங்கில எழுத்து ஒரு நாள் ‘டி’யில் தொடங்கும், அடுத்த முறை ‘டிஎச்’சில் தொடங்கும். சிங்களவர் பலருக்கு ‘கே’ என்று முடியும் பெயர் அடையாள அட்டையில் முன்னால் நிற்கும், வாயால் அவர்கள் சொல்வது பின்னால் உள்ள பெயரை. டிஸ்பென்சரியில் இந்தச் சிக்கல்கள் எல்லாம் சேர்ந்த கிழமையே உங்கள் தலையில் விழும். பெயரை மட்டும் நம்பாமல் அடையாள அட்டை இலக்கத்தையும் ஃபோன் நம்பரையும் கேட்கத் தானாகப் பழகிவிடுவீர்கள். 12 இலக்க அட்டை என்றால் முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். பழைய 9 இலக்க அட்டையில் ஆண்டுக்கு இரண்டே இலக்கம். வயதைக் கேட்டால் சிரித்துக்கொண்டு நிற்கும் ஆச்சியிடம் அட்டையை வாங்கிப் பார்த்தால் போதும்.

வைத்தியசாலையில் கணினி ஆளுக்கொரு பதிவிலக்கம் கொடுக்கும். தேடிப் பார்க்காமல் அதே ஆளுக்கு இரண்டாவது இலக்கம் திறந்துவிட்டால் பழைய இரத்தப் பரிசோதனை ரிப்போட் டொக்டரின் கண்ணில் படாது. ஆகவே அங்கே கண்டிப்பு அதிகம், அது நல்லதுதான். ஆனால் இந்தப் பெட்டியை ஏன் நிரப்ப வேண்டும் என்று நின்று விளக்கிச் சொல்ல ஒருவருக்கும் நேரமில்லை.

முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள். டெங்கு என்று சந்தேகம் வந்தாலே டொக்டர் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். அதற்கு எச் 544 என்று ஒரு படிவம் இருக்கிறது. அங்கே தேவைப்படுவது நோயாளி இப்போது தங்கியிருக்கும் இடம். அடையாள அட்டையில் ஹட்டன் என்றோ சாவகச்சேரி என்றோ இருக்கும், ஆள் இருப்பது வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸில். அட்டையைப் பார்த்து அப்படியே எழுதினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஹட்டனில் நுளம்பு தேட வேண்டியதுதான். படிவம் டொக்டரின் பொறுப்பு. ஆனால் முகவரி வருவது மேசையிலிருந்து. டொக்டர் பக்கத்து அறையில் இருக்கும் இடத்தில் இதை ஒரு தடவை சொல்லித் தருவார், அதற்குப் பிறகு மறக்காது.

அடுத்தது வரிசை. அரசாங்க வைத்தியசாலைகளில் கடமை செய்யும் நிபுணர்கள் அந்த நேரம் முடிந்த பிறகே தனியார் பக்கம் வருகிறார்கள், அதனால் அவர்களைப் பார்க்க நம்பர் எடுக்கும் சனல் கவுண்டரின் நெரிசல் மாலையில்தான். டொக்டர் சத்திரசிகிச்சையில் மாட்டிக்கொண்டால் காத்திருப்பவர்களின் கோபம் எல்லாம் கவுண்டரில் இறங்கும். வைத்தியசாலையில் பக்கத்தில் மேற்பார்வையாளர் இருப்பார், காசைத் திருப்பிக் கொடுக்க ஒரு முறை இருக்கும். டிஸ்பென்சரியில் நீங்களும் நம்பர் துண்டும்தான். ‘ரிப்போட் காட்ட மட்டும்தான் மிஸ், ஒரு நிமிஷம்’ என்று வருபவரை முகம் சுளிக்காமல் உட்காரவைக்க வேண்டும். அதே நேரம், நெஞ்சு நோகுது என்பவரையும், மூச்சு வாங்குபவரையும், துவண்டுபோன குழந்தையையும் நம்பர் பார்க்காமல் டொக்டரிடம் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் பிரித்தறியும் கண் ஆட்களைப் பார்த்துத்தான் வரும். கோர்ஸில் பக்கத்து மேசைப் பிள்ளை நோயாளியாக நடிப்பாள், அவளுக்கு உண்மையில் ஒன்றும் நோகாது.

காசு விஷயத்தில் நிலைமை தலைகீழ். டிஸ்பென்சரியில் பல டொக்டர்மார் மருந்தும் சேர்த்து ஒரே தொகையாக வாங்குவார்கள், எழுத அதிகம் இல்லை. பிரச்சினை ஒரு கிழமை கழித்து வரும். ஒருவர் வந்து ‘அக்ரஹாரவுக்குப் போட வேணும், ரிசீட் தாங்க’ என்பார். அரச ஊழியர்களின் அந்தக் காப்புறுதியோ கம்பனிக் காப்புறுதியோ, கேட்பது கிட்டத்தட்ட ஒன்றுதான்: திகதி, தொகை, நோயின் பெயர், டொக்டரின் கையொப்பம், மருத்துவ சபைப் பதிவிலக்கத்தோடு முத்திரை. அன்றைக்கே கொப்பியில் எழுதியிருந்தால் இரண்டு நிமிட வேலை. வைத்தியசாலையில் காசின் பாதை நீளம். டொக்டரின் கட்டணம் தனி, வைத்தியசாலைக் கட்டணம் தனி, பரிசோதனை தனி. வார்டில் இருந்து வீட்டுக்குப் போகத் தயாரானவர் காப்புறுதிக் கம்பனியின் அனுமதி வரும்வரை பையோடு கட்டிலில் காத்திருப்பார். எந்தக் கடிதம் எங்கே நிற்கிறது என்று தேடிப்பிடிப்பதும், இரவில் கல்லாக் கணக்கைச் சதத்துக்குச் சரிபார்த்து ஒப்படைப்பதும் வைத்தியசாலையில்தான் முறையாகப் படியும்.

அப்படியென்றால் கோர்ஸால் பயனே இல்லையா? இருக்கிறது, சின்ன அளவில். மருந்துத் துண்டில் வரும் பி.டி. (நாளுக்கு இரண்டு தடவை), டி.டி.எஸ். (மூன்று தடவை), எஸ்.ஓ.எஸ். (தேவைப்பட்டால் மட்டும்) போன்ற சுருக்கங்கள், உடலுறுப்புகளின் ஆங்கிலப் பெயர்கள், கடிதம் எழுதுவது, எக்செல். ஆங்கிலத்தைக் கண்டால் ஒதுங்கும் பிள்ளைக்கு இது தைரியம் தரும். சேர்வதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவாகியிருப்பது ஒரு விஷயம், அந்தக் குறிப்பிட்ட கோர்ஸுக்கு என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமைத் தராதரம் இருப்பது வேறு விஷயம். விளம்பரத்தில் முதலாவதைப் பெரிதாகப் போட்டு இரண்டாவதைப் பற்றி மூச்சுவிடாமல் இருப்பார்கள். நேராகக் கேளுங்கள், ‘என்.வி.கியூ. எத்தனையாம் மட்டம்?’ என்று.

கோர்ஸுக்கு வைத்த காசில் ஒரு பங்கை நான் சிங்கள வகுப்புக்குத்தான் போடச் சொல்வேன். வெள்ளவத்தை டிஸ்பென்சரியில் தமிழோடு ஓரளவு சமாளிக்கலாம். நாரஹேன்பிட்டியிலோ பொரளையிலோ வைத்தியசாலைக் கவுண்டரில் அது நடக்காது. ‘எப்போதிருந்து காய்ச்சல்? யார் கூட வந்தீர்கள்? சாப்பிட்டுவிட்டா இரத்தம் கொடுக்க வந்தீர்கள்?’ இவற்றைத் தடுமாறாமல் சிங்களத்தில் கேட்க முடிந்தால் நேர்முகத்தில் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

சம்பளத்தில் வைத்தியசாலைக்குத்தான் என் வோட்டு. நியமனக் கடிதம் கையில் வரும், ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் அவர்களின் 12 வீதமும் போகும், நம்பிக்கை நிதிக்கு இன்னொரு 3 வீதம் அவர்கள் கட்டுவார்கள். சின்ன இடங்களில் பலர் சம்பளத்தைக் கையில் எண்ணிக் கொடுத்து அத்தோடு முடித்துவிடுகிறார்கள். ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் அந்த நிதிகள் கட்டாயம். டொக்டர் நல்லவர் என்பதற்காகக் கேட்காமல் இருக்காதீர்கள், சேரும்போதே கேளுங்கள். இன்னொன்று, சின்ன இடங்களில் குளிசையை எண்ணி உறையில் போடவும் சொல்வார்கள். டொக்டர் பார்த்துச் சரி சொல்லாமல் ஒரு உறையையும் நோயாளி கையில் கொடுக்க வேண்டாம்.

வாயடக்கம் டிஸ்பென்சரியில்தான் கஷ்டம். ஒரே ஒழுங்கையில் இருப்பவர்கள், ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள். ‘அந்தப் பிள்ளை ஏன் வந்தது?’ என்று வாசலிலேயே கேட்பார்கள். 2022இன் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனி வகையாக வைத்துப் பேசுகிறது. ஆனால் கேட்கும் அன்ரியிடம் சட்டம் பேச முடியாது. ‘தெரியாது அன்ரி, நான் நம்பர் மட்டும்தான் குடுக்கிறன்’ என்றால் போதும்.

ஆக, சிங்களமும் ஆங்கிலமும் ஓரளவு வரும் பிள்ளை நேராக வைத்தியசாலைக்கு விண்ணப்பிக்கலாம், நடுவில் ஒன்றும் தேவையில்லை. மொழியில் தயக்கம் உள்ளவர் முதலில் ஒரு டிஸ்பென்சரியில் சேர்ந்து, மாலையில் சிங்கள வகுப்புக்குப் போய், அப்புறம் வைத்தியசாலைக்கு மாறட்டும். டொக்டரிடம் ஒரு அனுபவக் கடிதம் வாங்க மறக்க வேண்டாம். வேலையில் கற்றதை மதிப்பிட்டு என்.வி.கியூ. வழங்கும் முறையும் நாட்டில் இருக்கிறது, அங்கும் அந்தக் கடிதம் உதவும். கோர்ஸை முதலில் செய்ய வேண்டியவர் ஒரு வகையினர்தான்: ஆங்கிலத்தில் ஃபோன் எடுக்கவே பயப்படுபவர்கள். அவர்களும் முழுத் தொகையை முன்கூட்டியே கட்டாமல் தவணையில் கட்டட்டும்.