அம்மாவின் முழங்காலும் மாத்திரைப் பையும்: கும்பகோணத்தில் 6 வாரம்

லண்டனிலிருந்து 6 வார விடுப்பில் கும்பகோணத்தை அடுத்த எங்கள் ஊருக்குச் சென்றிருந்தேன். முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்காக அம்மா 8 மாதங்களாக விழுங்கிவந்தவை, அசெக்ளோஃபெனாக்கும் பாரசிட்டமாலும் கலந்த வலி மாத்திரை தினமும் இரண்டு, கூடவே மூட்டுக்கு நல்லதென்று விற்கப்படும், விலை கூடிய குளுக்கோசமைன். அவற்றை எழுதித் தந்த தனியார் மருத்துவமனையின் சீட்டில் உடற்பயிற்சியைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது என்னை மிகவும் வருத்தியது.

சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தசையை வலுவாக்கும் பயிற்சியை முதன்மைச் சிகிச்சைகளுள் ஒன்றாக வைக்கிறது. குளுக்கோசமைனைக் கொடுக்க வேண்டாம் என்கிறது. அமெரிக்காவில் 1,583 பேரிடம் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்விலும், அது ஒட்டுமொத்தத்தில் மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட வலியைக் கூடுதலாகக் குறைக்கவில்லை. அதை அன்றே நிறுத்திவிட்டோம்.

2021இல் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அம்மாவுக்கு இரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் தன்னார்வலர், பக்கவாதத்தில் படுத்திருக்கும் அண்டை வீட்டுப் பெரியவரைப் பார்க்க வந்த பிசியோதெரபிஸ்ட்டை எங்கள் வீட்டுக்கும் அழைத்துவந்தார். "தேஞ்ச மூட்டை ஆட்டினா இன்னும் தேயாதா, கண்ணு?" என்று அம்மா கேட்டபோது, தொடைத் தசை தளர்ந்தால்தான் மூட்டின்மேல் பாரம் கூடும் என்று அந்தப் பிசியோதெரபிஸ்ட் பொறுமையாக விளக்கினார். நாற்காலியில் அமர்ந்தபடி காலை நீட்டி 5 எண்ணும்வரை நிறுத்துவது, கையை ஊன்றாமல் எழுந்து அமர்வது, சில நாள் கழித்துக் கணுக்காலில் அரைக் கிலோ மணல் பையைக் கட்டிக்கொள்வது என்று படிப்படியாகக் கற்றுத் தந்தார். பயிற்சியால் கூடிய வலி மறுநாளுக்குள் தணிந்தால் தொடரலாம், தணியாவிட்டால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்பது அவர் சொன்ன கணக்கு.

வலி மாத்திரையைப் பற்றி அரசு மருத்துவமனை மருத்துவரிடம் கேட்டோம். இத்தகைய மாத்திரைகள் இரத்த அழுத்தத்தை ஏற்றி, அதற்கான மருந்தின் பலனையும் குறைக்கக்கூடும், நெடுநாள் எடுத்தால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம் என்று கூறி, அவர் டைக்ளோஃபெனாக் களிம்புக்கு மாற்றினார். வலி மிகும் நாளில் மட்டும், சாப்பிட்ட பிறகு, ஒரு மாத்திரை போதும் என்றார். வலியை மாத்திரையால் மறைத்துக்கொண்டு மணல் பையின் எடையைக் கூட்டக் கூடாது என்றும் எச்சரித்தார்.

ஐந்தாவது வாரம் அம்மா கையை ஊன்றாமல் 10 முறை எழுந்து அமர்ந்தார். மாடிப்படியில் இன்னும் கைப்பிடி வேண்டியிருக்கிறது. பல ஊர்களைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பிசியோதெரபிஸ்ட்டால் இரண்டு முறைதான் வர முடிந்தது. ஆகவே ஞாயிறுதோறும் காணொளி அழைப்பில் நான் எண்ணுகிறேன், அம்மா எழுந்து அமர்கிறார்.